ஆய்வகத்தில் இல்லாத ஒரு காயில்

மின்னணுவியல், தகவல்தொடர்புப் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் ஆய்வகங்களில் ஆசிலோஸ்கோப் இருக்கிறது, எஃப்.பி.ஜி.ஏ. பலகை இருக்கிறது, வசதியுள்ள இடங்களில் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் இருக்கிறது. டயல் சுழற்றும் கறுப்புத் தொலைபேசி மட்டும் இல்லை. பல கல்லூரிகள் அதைக் கழிவுக் கணக்கில் எழுதி வெளியே தள்ளி வெகுகாலமாகிவிட்டது. தொலைபேசிக் கருவிகளோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். அந்தப் பெட்டிக்குள் சைடு டோனைக் குறைப்பதற்கென்றே ஒரு சுற்று இருந்தது. அதைக் கையால் கட்டி அளந்து பார்க்காமல் நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போகக் கூடாது. கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

தொலைபேசியில் பேசும்போது உங்கள் குரல் உங்கள் ரிசீவரிலேயே கேட்கிறதல்லவா, அதுதான் சைடு டோன். எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் இடையே ஓடுவது இரண்டே கம்பி. போகும் குரலுக்கும் வரும் குரலுக்கும் அந்த ஒரு ஜோடிதான் பாதை. டிரான்ஸ்மிட்டர் எழுப்பும் மின்னலை வழி இருக்கும் இடமெல்லாம் பாயும். லைனுக்கு மட்டும் போ, ரிசீவருக்குள் நுழையாதே என்று அதைத் தடுக்கச் சுற்றில் எதுவும் இல்லை. போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்று நாலு கம்பி இழுத்திருந்தால் சிக்கலே எழுந்திருக்காது. ஊர் முழுவதும் செம்பை இரட்டிப்பாக இழுக்கும் செலவை எந்த நிறுவனமும் தாங்கியிருக்காது. ஆகவே இரண்டு கம்பிக்குள்ளேயே வழி தேட வேண்டியதாயிற்று.

தொடக்கத்தில் இது யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. 1876-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற பிறகு வந்த முதல் கருவிகளில் பேசுவதும் கேட்பதும் ஒரே உறுப்பில்தான். பேசும்போது வாயருகே வைப்பார்கள். கேட்கும்போது அதையே காதுக்கு எடுத்துப் போவார்கள். காதில் ஒன்று, வாயில் ஒன்று என்று பிரிந்த பிறகுதான் தன் குரல் தன் காதுக்கு வரத் தொடங்கியது. கார்பன் டிரான்ஸ்மிட்டர் வந்ததும் அது உரக்கவே வந்தது. எடிசன் 1877-இல் கார்பனைக் கையிலெடுத்தார். அடுத்த ஆண்டே டேவிட் ஹியூஸ் தம் மைக்ரோபோனை அறிவித்தார். அதே 1878-இல் ஹென்றி ஹன்னிங்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் கார்பனைத் துகளாக்கிப் பயன்படுத்தினார். பின்னால் வந்த டிரான்ஸ்மிட்டர்கள் எல்லாம் அவர் வழியில் வந்தவைதான்.

கார்பன் துகளின் தன்மையைக் கொஞ்சம் கவனியுங்கள். பேச்சொலி தகட்டை அழுத்தும்போது துகள்கள் நெருங்குகின்றன, தடை குறைகிறது. விலகும்போது தடை கூடுகிறது. மின்னோட்டத்தைத் தருவது பேட்டரி. குரல் அதைத் திறந்து மூடும் குழாயைத் திருகுகிறது, அவ்வளவுதான். அதனால் தொண்டையிலிருந்து வரும் ஒலி ஆற்றலைவிடப் பன்மடங்கு மின்னாற்றல் வெளியே வருகிறது. வால்வு பிறப்பதற்கு முன்பே தொலைபேசிக்குள் ஒரு பெருக்கி உட்கார்ந்துவிட்டது. தொலைதூரப் பேச்சு அதனால்தான் சாத்தியமாயிற்று. சைடு டோன் தொல்லையாக வளர்ந்ததும் அதனால்தான்.

அந்தக் காலச் சுற்று மிக எளிது. பேட்டரியும் டிரான்ஸ்மிட்டரும் இன்டக்ஷன் காயிலின் முதல் சுருளில் இருக்கும். இரண்டாம் சுருள், ரிசீவர், லைன் மூன்றும் ஒரே தொடரில். காகிதத்தில் வரைந்து பார்த்தால் உடனே புரிந்துவிடும்: லைனுக்குப் போகும் பேச்சு மின்னோட்டம் அத்தனையும் பேசுபவரின் ரிசீவர் வழியாகத்தான் வெளியே போகிறது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 0.5 மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஜோடிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 170 ஓம் தடை, 50 நானோஃபாரட் கொள்ளளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 ஹெர்ட்ஸில் இந்த ஜோடி கிலோமீட்டருக்கு சுமார் 1.4 டெசிபெல் தின்றுவிடும். இரண்டு வீடுகளுக்கும் நடுவே 10 கிலோமீட்டர் கம்பி இருந்தால் 14 டெசிபெல். அதாவது புறப்பட்ட ஆற்றலில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். உங்கள் சொந்தக் குரலுக்கு அந்த 10 கிலோமீட்டர் இல்லை. அது உங்கள் மேசைமேலேயே திரும்பி உங்கள் காதுக்குள் வந்துவிடுகிறது. எதிர்முனைக் குரலைப் பிடிப்பதற்காகக் கூர்மையாக்கிய ரிசீவரில் அதைவிடப் பலமடங்கு வலுவாக விழுவது உங்கள் குரல்.

விழுந்தால் என்ன, நம் குரல்தானே என்று கேட்கலாம். இரண்டு கேடுகள் வருகின்றன, இரண்டுமே மனிதக் காதோடு சம்பந்தப்பட்டவை. முதலாவது, தன் குரல் காதில் உரக்கக் கேட்டால் பேசுகிறவர் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வார். லைனில் ஏற்கெனவே தேய்ந்து போகும் பேச்சு, புறப்படும்போதே மெலிந்து புறப்படும். இரண்டாவது, டிரான்ஸ்மிட்டருக்குப் பேச்சும் ஒன்றுதான், அறையின் இரைச்சலும் ஒன்றுதான். கடைத்தெருவின் சத்தம், தறிச்சத்தம், மின்விசிறி எல்லாவற்றையும் அது பெருக்கிக் காதில் ஊற்றும். எதிர்முனையில் இருப்பவர் சொல்வது அந்த இரைச்சலில் அமுங்கிப் போகும். அனுப்புவதும் கெட்டது, வாங்குவதும் கெட்டது.

கூட்டமான இடத்தில் பேசும் பழைய ஆட்கள் ஒரு காரியம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். எதிர்முனை பேசும்போது வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொள்வார்கள். இன்னொரு காதைப் பொத்துவதைவிட அது பல சமயம் நன்றாக வேலை செய்யும். மூடிய உடனே டிரான்ஸ்மிட்டர் வழியாக ரிசீவருக்கு வரும் அறைச் சத்தம் நின்றுவிடுகிறது, மெல்லிய குரல் மேலே வந்துவிடுகிறது. சைடு டோன் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்களும் அதை அனுபவத்தில் அறிந்து, கையால் அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சுற்றால் அடக்க முடியுமா? தந்திக்காரர்கள் இந்த வகைச் சிக்கலை ஏற்கெனவே தீர்த்திருந்தார்கள். ஒரே கம்பியில் இரு திசையிலும் ஒரே நேரத்தில் தந்தி அனுப்ப வேண்டும். தான் அனுப்பும் தட்டல் தன் ரிலேயை அசைக்கக் கூடாது. 1853-இல் வியன்னாவில் கிண்ட்ல் என்பவர் இதை முயன்றார். முழுமையாகக் கைகூடியது 1872-இல், பாஸ்டனைச் சேர்ந்த ஜோசப் ஸ்டேர்ன்ஸிடம். ரிலேயின் சுருளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உண்மையான லைனுக்கும் மறு பாதியை ஒரு பொய் லைனுக்கும் கொடுப்பது வழி. அந்தப் பொய் லைனில் தடை மட்டும் வைத்தால் போதாது, நிஜக் கம்பிக்கு உள்ள கொள்ளளவுக்கு ஈடாகக் கண்டன்சரும் வைக்க வேண்டும் என்பது ஸ்டேர்ன்ஸ் சேர்த்த முக்கியமான துண்டு. இதை நினைவில் வையுங்கள். இன்னும் சில பத்திகளில் இது மறுபடி வரும்.

தொலைபேசியில் அதே யுக்தி இப்படி அமைகிறது. நடுமுனை எடுத்த ஒரு சுருள். நடுமுனையில் டிரான்ஸ்மிட்டர். ஒரு கடைசியில் லைன், மறு கடைசியில் லைனைப் போலவே நடந்துகொள்ளும் சமன்வலை. அதே இரும்பு உள்ளகத்தில் சுற்றிய இன்னொரு சுருளில் ரிசீவர். பேசும்போது மின்னோட்டம் நடுமுனையில் நுழைந்து இரண்டாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது. இரு பக்க இம்பீடன்ஸும் சமமானால் இரண்டு மின்னோட்டங்களும் சமம்; ஒன்று உண்டாக்கும் காந்தப்பாயத்தை மற்றொன்று அழித்துவிடும்; ரிசீவர் சுருளில் ஒன்றும் எழாது. எதிர்முனைக் குரலுக்கு இந்தத் தடை இல்லை. அது லைன் பக்கமிருந்து நுழைந்து சுருளை ஒரே திசையில் கடக்கிறது, ரிசீவரில் கேட்கிறது. இரண்டு தட்டிலும் ஒரே எடை இருந்தால் தராசு முள் அசையாது, ஒரு தட்டில் மட்டும் வைத்தால் சாயும். சுற்றின் முழுத் தத்துவமும் இதுதான். 1833-இல் கிறிஸ்டி விவரித்து, 1843-இல் வீட்ஸ்டன் பரப்பிய பிரிட்ஜை நீங்கள் பள்ளியிலேயே மீட்டர் பிரிட்ஜாகப் பார்த்திருக்கிறீர்கள். கால்வனோமீட்டர் இருந்த இடத்தில் இங்கே ரிசீவர் இருக்கிறது.

இந்த இடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் கையைத் தூக்குவார்: பேச்சாற்றலில் பாதி சமன்வலையில் சூடாகி வீணாகிறதே, பெருக்கி இல்லாத காலத்தில் இது கட்டுப்படியாகுமா? நியாயமான கேள்வி. இதற்கு முழு விடை சொன்னவர் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் ஜார்ஜ் ஏ. கேம்ப்பெல். லோடிங் காயிலின் கணிதத்தையும் அலைவடிகட்டியையும் நமக்குக் கொடுத்தவர் அவர். பொறியியல் உலகம் அவர் பெயரை இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1920-இல் அவரும் ரொனால்ட் ஃபாஸ்டரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், லைன், சமன்வலை என்ற நான்கு உறுப்புகளையும் டிரான்ஸ்ஃபார்மர்களால் இணைத்து, டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று பாதிக்காமலும், கிடைக்கிற ஆற்றல் சற்றும் எதிரொலித்துத் திரும்பாமலும் செய்ய எத்தனை வகை உண்டு என்று முறையாகத் தேடினார்கள். ஆயிரக்கணக்கில் உண்டு என்று கண்டார்கள்.

அந்த ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்கும் பொதுவாக ஒரு பேரம் உண்டு. பேசும்போது ஆற்றலில் எத்தனை பங்கை லைனுக்கு அனுப்புகிறீர்களோ, கேட்கும்போது லைனிலிருந்து வருவதில் மீதிப் பங்குதான் ரிசீவருக்குக் கிடைக்கும். பாதி அனுப்பினால் பாதி கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு அனுப்பினால் மூன்றில் ஒன்றுதான் காதுக்கு. இரண்டையும் முழுதாக வாங்க சுருளாலும் தடையாலும் ஆன எந்தச் சுற்றாலும் முடியாது. பழைய தொடர்சுற்றில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கேயும் பேசும்போது ஒரு பங்கு ரிசீவரில் செலவாகிக்கொண்டுதான் இருந்தது. கேட்கும்போது ஒரு பங்கு மற்ற உறுப்புகளில் போயிற்று. காதுக்குள் போய்த் தொல்லை கொடுத்த அந்தப் பங்கை இப்போது ஒரு ரெசிஸ்டருக்குள் திருப்பிவிடுகிறோம். இப்படிப் பார்த்தால் பேரம் லாபமானது என்று புரியும்.

அடுத்துவரும் பகுதியைத்தான் நீங்கள் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். லைனைப் போலவே நடந்துகொள்ளும் சமன்வலை என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். லைன் எப்படி நடந்துகொள்கிறது? பாடப்புத்தகம் 600 ஓம் என்று எழுதிவிட்டுப் போகும். நாம் முன்பு எடுத்த 0.5 மில்லிமீட்டர் ஜோடியையே எடுங்கள். பேச்சு அதிர்வெண்களில் இண்டக்டன்ஸைப் புறக்கணித்தால், அதன் சிறப்பியல்பு இம்பீடன்ஸ் என்பது தடையை, கோண அதிர்வெண்ணையும் கொள்ளளவையும் பெருக்கி வந்த பலனால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். கோணம் மைனஸ் 45 டிகிரி. 300 ஹெர்ட்ஸில் சுமார் 1340 ஓம் வருகிறது, 1000-இல் சுமார் 735, 3000-இல் சுமார் 425. 600 ஓம் என்று நீங்கள் மனப்பாடம் செய்த எண் இந்த மூன்று அதிர்வெண்களில் எதிலும் பொருந்தவில்லை. கோணத்தில் பொருந்தவே இல்லை.

சமநிலை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று அளக்க, இரண்டு இம்பீடன்ஸ்களின் கூட்டலை அவற்றின் வித்தியாசத்தால் வகுத்து டெசிபெலாக்க வேண்டும். எண் பெரிதானால் சைடு டோன் சிறிது. வெறும் 600 ஓம் ரெசிஸ்டரைச் சமன்வலையாக வைத்துப் பாருங்கள்: 300 ஹெர்ட்ஸில் 5 டெசிபெல், 1000-இல் 7, 3000-இலும் 7. பெயருக்குச் சமநிலை என்று சொல்லலாம், அவ்வளவுதான். இப்போது 820 ஓமும் 115 நானோஃபாரடும் இணையாக, அவற்றோடு 220 ஓம் தொடராக வைத்த ஒரு வலையைப் போடுங்கள். அதே மூன்று அதிர்வெண்களில் 9, 13, 18 டெசிபெல் வரும். மூன்றே உறுப்புகள். உயர்ந்த அதிர்வெண்களில் அத்தனை நன்றாகவும், தாழ்ந்த பக்கம் அத்தனை சுமாராகவும் ஏன் இருக்கிறது என்று யோசியுங்கள். லைனின் இம்பீடன்ஸ் அதிர்வெண் குறையக் குறைய ஏறிக்கொண்டே போகிறது. நம் வலையோ 1040 ஓமில் நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்ய நீங்கள் எதை மாற்றுவீர்கள்? விடையை நான் எழுதப் போவதில்லை.

ஸ்டேர்ன்ஸ் 1872-இல் பொய் லைனுக்குள் கண்டன்சரை வைத்ததை நினைவில் வைக்கச் சொன்னேனே, தொலைபேசிக்காரர்களும் வந்து சேர்ந்தது அதே இடத்துக்குத்தான். ஆனால் அவர்கள் பாடு கூடுதல் கடினம். தந்தி நிலையத்தில் ஒரு லைன், அதன் பக்கத்தில் அதைச் சரிசெய்ய ஓர் ஆள். தொலைபேசியோ லட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போகிறது. ஒரு வீடு எக்ஸ்சேஞ்சுக்கு அடுத்த தெருவில், இன்னொன்று 6 கிலோமீட்டர் தள்ளி. ஒரு லைன் தரைக்கடியில் கேபிளாகப் போகிறது, இன்னொன்று கம்பத்தின் மேல் திறந்த கம்பியாக. ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சமன்வலையைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. எல்லா லைனுக்கும் முழுமையாகப் பொருந்தாத, எந்த லைனிலும் மோசமாகப் போகாத ஒரே ஒரு வலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொறியியல் என்ற தொழிலின் அசல் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். தேர்வுத்தாளில் வரும் கணக்குக்கு ஒரு சரியான விடை இருக்கும். இந்த மாதிரிக் கணக்குக்கு ஏற்கத்தக்க விடைதான் இருக்கும்.

இந்தச் சுற்றைச் சாதாரண வீட்டுத் தொலைபேசிக்குள் கொண்டுவரும் அவசரத்தை உண்டாக்கியது ஹேண்ட்செட். ஸ்வீடனில் எரிக்சன் 19-ஆம் நூற்றாண்டிலேயே வாய்ப்பக்கமும் காதுப்பக்கமும் ஒரே கைப்பிடியில் அமைந்த கருவிகளை விற்றது. அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1927 வரை தயங்கியது. நின்ற மெழுகுத்திரி வடிவத் தொலைபேசியில் டிரான்ஸ்மிட்டர் மேசையில் நிற்கும், ரிசீவர் கையில் இருக்கும். ஹேண்ட்செட்டில் இரண்டும் ஒரே கட்டையில். ரிசீவரின் அதிர்வு கைப்பிடி வழியாகவும் காற்று வழியாகவும் டிரான்ஸ்மிட்டரை அடையும். கார்பன் அதைப் பெருக்கும். சைடு டோன் பாதை அதை மீண்டும் ரிசீவருக்கே கொண்டுபோகும். வட்டம் மூடிவிட்டால் கருவி ஊளையிடத் தொடங்கும். ஒலிபெருக்கி முன் மைக்கைப் பிடித்தால் கேட்கும் அதே கூச்சல்தான். கைப்பிடியையும் தகட்டையும் எவ்வளவு கவனமாகச் செய்தாலும், அந்த வட்டத்தை மின்பக்கத்தில் அறுப்பது சைடு டோனைக் குறைக்கும் சுற்றுதான்.

1930களில் இது வழக்கத்துக்கு வந்தது. பிரிட்டிஷ் தபால் துறையின் 162-ஆம் எண் தொலைபேசிக்குப் பின்வந்த 232 பார்வைக்கு அதே வார்ப்புதான். உள்ளே சைடு டோனைக் குறைக்கும் இன்டக்ஷன் காயில் ஏறியிருந்தது. அந்தத் துறையின் ஆட்கள் அதை ‘ஆஸ்டிக்’ என்று சுருக்கி அழைத்தார்கள். அமெரிக்காவில் 1937-இல் வந்த 302-ஆம் வகைக் கருவிக்குள்ளும் இத்தகைய காயில் இருந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் பெல் ஆய்வாளர்கள் லைனின் தரத்தை டெசிபெலால் மட்டும் அளப்பதை விட்டு, நிஜ உரையாடலில் மனிதர்கள் எத்தனை தடவை “என்ன, என்ன சொன்னீங்க?” என்று திருப்பிக் கேட்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினார்கள். 1931-இல் டபிள்யூ. எச். மார்ட்டின் அந்த முறையை விளக்கி எழுதினார். டெசிபெல் என்ற பெயரை அறிவித்து 1929-இல் எழுதியவரும் இவரே. லைனில் ஏறும் மின்னலையை மட்டும் அளந்தால் சைடு டோன் குறைப்பின் பயன் முழுதாகத் தெரியாது. பேசுபவர் கொஞ்சம் உரக்கப் பேசத் தொடங்கினார், கேட்பவர் இரைச்சல் குறைந்து கேட்டார் என்ற லாபம் மனிதர்களை வைத்து எண்ணினால்தான் கணக்கில் ஏறும்.

அப்படியானால் சைடு டோனை அடியோடு ஒழித்துவிடலாமே? கூடாது. இதை நீங்கள் அழுத்தமாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எண்களோடு மட்டும் பழகியவர்கள் தவறுவது இங்கேதான். தன் குரல் துளியும் கேட்காவிட்டால் கருவி செத்துவிட்டது என்றுதான் காது எடுத்துக்கொள்ளும். எங்கள் துறையில் பழுதுபார்க்கப் போனவர் முதலில் செய்தது டிரான்ஸ்மிட்டருக்குள் ‘ஃபூ’ என்று ஊதிப் பார்ப்பது. ரிசீவரில் அந்த ஊதல் கேட்டால் லைனில் கரன்ட் இருக்கிறது, கார்பன் துகள் கட்டிப்போகவில்லை, ரிசீவர் நலம் என்று ஒரே மூச்சில் தெரிந்துவிடும். சந்தாதாரரும் தம்மை அறியாமல் அதே சோதனையை ஒவ்வொரு சொல்லிலும் செய்துகொண்டிருக்கிறார். சைடு டோன் அறவே இல்லையென்றால் அவர் கத்துவார். இரைச்சலில் மனிதர் தாமாகவே குரலை உயர்த்துகிறார் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் காட்டினார். தன் குரல் தன் காதுக்கு எட்டாதபோதும் நடப்பது ஏறக்குறைய அதுவே. காதை இறுக அடைக்கும் இயர்போனைப் போட்டுக்கொண்டு பேருந்தில் பேசுகிறவர் பேருந்துக்கே கேட்கப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நல்ல சமன்வலை என்பது முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்துவதில்லை. கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல் குட்டை லைன்களில் வந்தது. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டில் தடை குறைவு, கரன்ட் அதிகம், டிரான்ஸ்மிட்டர் தேவைக்கு மேல் வலுவாகப் பேசும், சைடு டோனும் கூடவே ஏறும். 1950-ஐ ஒட்டி வந்த அமெரிக்க 500-ஆம் வகைத் தொலைபேசியில் சிலிக்கான் கார்பைடு வேரிஸ்டர்களைச் சேர்த்தார்கள். மின்னழுத்தம் கூடினால் அவற்றின் தடை தானே குறையும். லைன் குட்டை என்பதை மின்னோட்டத்தைக் கொண்டே உணர்ந்து, பேச்சின் வலுவைத் தணித்து, சமன்வலையையும் குட்டை லைனுக்கு ஏற்ப மாற்றும். டிரான்சிஸ்டர் ஒன்றுகூட இல்லாத கருவிக்குள் தானே சரிசெய்துகொள்ளும் ஒரு சுற்று! இதை வடிவமைத்தவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதையை மறைக்க நான் விரும்பவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1948-இல் பெங்களூரில் தொடங்கிய ஐ.டி.ஐ. தொழிற்சாலையின் கறுப்புத் தொலைபேசிகள் பிரிட்டிஷ் மரபில் வந்தவை. அந்தக் காயிலும் அவற்றோடு நம் வீடுகளுக்கு வந்தது. பிறகு பொத்தான் தொலைபேசி வந்தபோது காயில் போய்விட்டது, பிரிட்ஜ் போகவில்லை. ஃபிலிப்ஸின் டி.இ.ஏ. 1060 வகைப் பேச்சுச் சில்லுகளின் தரவுத்தாளை எடுத்துப் பாருங்கள். சில ரெசிஸ்டர்களும் கண்டன்சர்களுமாக அதே சமன்வலை, வீட்ஸ்டன் பிரிட்ஜாகவே விளக்கப்பட்டிருக்கும்.

இது பழங்கதை என்று ஒதுக்க உங்களுக்கு வசதியில்லை. உங்கள் கணினி ஆய்வகத்தின் சுவரில் செருகியிருக்கும் லேன் கேபிளைப் பாருங்கள். கிகாபிட் ஈதர்நெட்டில் நான்கு ஜோடிக் கம்பிகள், ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே நேரத்தில் இரு திசைத் தரவு. தான் அனுப்புவதைத் தானே கேட்டுக் குழம்பாதிருக்க ஒவ்வொரு ஜோடியின் முனையிலும் ஹைபிரிட் என்ற பெயரில் இதே சமன்சுற்று இருக்கிறது. மிச்சத்தை எண்முறையில் கழித்துவிடுகிறார்கள். அந்த மிச்சம் கழிக்கும் கலைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த மன் மோகன் சோந்தி. பெல் ஆய்வகத்தில் இருந்தபடி, லைனைத் தானே கற்றுக்கொண்டு மாறும் எதிரொலி நீக்கியைப் பற்றி 1967-இல் அவர் எழுதினார். எல்லா லைனுக்கும் பொருந்தும் ஒரே சமன்வலை கிடைக்காது என்று 1930களில் கையைப் பிசைந்தார்களே, அந்த வலையையே லைனுக்குத் தக்கபடி நொடிக்கு நொடி மாற்றிக்கொள்வதுதான் அவர் காட்டிய வழி. ஒரே அதிர்வெண்ணில் ஒரே சமயத்தில் அனுப்பவும் வாங்கவும் முயலும் இன்றைய ரேடியோ ஆராய்ச்சியிலும் ஆண்டெனாவை லைனாக வைத்து, அதற்கு ஒரு சமன்வலை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சோதனைக்கு அதிகப் பொருள் வேண்டாம். நடுமுனை எடுத்த 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. 180 ஓம் ரெசிஸ்டரும் 47 நானோஃபாரட் கண்டன்சரும் ஐந்தைந்து வாங்கி, ரெசிஸ்டரைத் தொடரிலும் கண்டன்சரைக் குறுக்கிலும் வைத்து ஐந்து படிகளாகக் கட்டுங்கள். ஏறக்குறைய 5 கிலோமீட்டர் கேபிள் உங்கள் பிரெட்போர்டில் வந்துவிடும். அதன் கடைசியில் 600 ஓம். சிக்னல் ஜெனரேட்டரை நடுமுனைக்கும் பொதுக்கம்பிக்கும் இடையில் கொடுங்கள். ஒரு கடைசியில் இந்தப் பொய்க் கேபிள், மறு கடைசியில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். அடுத்த சுருளில் ஆசிலோஸ்கோப். பொட்டென்ஷியோமீட்டரை மட்டும் திருகினால் அலை ஓரளவு சுருங்கி ஓரிடத்தில் நின்றுவிடும், அதற்குமேல் இறங்காது. அப்போது 100 நானோஃபாரட் அளவில் ஒரு கண்டன்சரை இணையாகச் சேர்த்து, சிறிய ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்துத் திருகுங்கள். அலை சட்டென்று இறங்கும். உடனே அதிர்வெண்ணை மாற்றுங்கள், மறுபடி ஏறும். பிறகு பொய்க் கேபிளில் மூன்று படிகளைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டுச் சந்தாதாரருக்கு உங்கள் வலை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

பழைய சாமான் கடையில் கறுப்புத் தொலைபேசி கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலங்காரப் பொருளாக்க உள்ளே இருப்பதை உருவி எறிந்துவிட்டு விற்பார்கள். காயில் இருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்குங்கள். அடித்தட்டின் உட்புறத்தில் பல கருவிகளில் சுற்றுப்படம் ஒட்டியிருக்கும். அதைப் பெரிதாக வரைந்து, எது லைன், எது சமன்வலை என்று நீங்களே குறியுங்கள்.

உங்கள் துறைத்தலைவரிடம் இந்தப் பருவத்தில் ஒரு பிற்பகல் ஆய்வக நேரம் கேளுங்கள். பாடத்திட்டத்தில் இல்லை என்று சொன்னால் இந்த மடலைக் காட்டுங்கள். 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை அளந்து வரைபடம் போட்டு, உங்களுக்கு அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்காக ஆய்வகத்திலேயே விட்டுச் செல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய தொலைபேசிக்காரன்